குண்டு இருக்கிறது என்று சொல்லும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

நாசிக் ரோடில் பயிற்சி முடித்து ரெஜிமென்டுக்குப் போன உன்னை அம்யூனிஷன் வேலையில் போட்டிருக்கிறார்கள் என்று உன் அப்பா சொன்னார். பீரங்கி சுடப் போனவனைப் பெட்டி தூக்க விட்டுவிட்டார்களே என்று உனக்கு மனக்குறையாம். என் சர்வீஸில் பெரும்பகுதி அந்தப் பெட்டிகளோடுதான் போனது. அதனால் உரிமையோடு எழுதுகிறேன்.

கேம்பல் பேயில் வளர்ந்த பிள்ளை நீ. 1969இல் முன்னாள் ராணுவத்தினரை இங்கே குடியேற்றத் தொடங்கிய காலத்திலிருந்து அரிசிக்கும் சிமென்ட்டுக்கும் கப்பலைத்தான் நம்பியிருக்கிறோம். கடல் சீறினால் கப்பல் தள்ளிப்போகும். தீர்ந்தபிறகு கேட்டால் கிடைக்காது என்பது நம் ஊர்க் கடைக்காரர் எல்லோருக்கும் தெரியும். பீரங்கிக்கும் அதே கணக்குதான்.

155 மில்லிமீட்டர் குண்டு ஒன்று சுமார் 43 கிலோ. நூறு குண்டு என்றால் நாலு டன்னைத் தாண்டுகிறது. சார்ஜும் பெட்டிகளும் இதில் சேரவில்லை. 1999 கார்கில் போரில் நம் பீரங்கிப் படை சுட்டது ஏறத்தாழ 2,50,000 ரவுண்டு. நாளுக்குச் சுமார் 5,000. டைகர் ஹில்லை மீட்ட நாளில் மட்டும் 9,000 என்கிறார்கள். டிராஸ் பக்கம் ஸ்ரீநகர்–லே சாலை எதிரியின் கண்ணெதிரே கிடந்தது. லாரிகள் விளக்கை அணைத்துவிட்டு இரவில் ஊர்ந்தன. போபர்ஸ் பீரங்கியின் பேரை நாடே சொல்கிறது. அந்த டிரைவர்களின் பேரை யாரும் சொல்வதில்லை. எனக்கு அது இன்றும் ஆற்றாமைதான்.

ஒன்றை மனதில் இருத்திக்கொள். குண்டு மட்டும் வந்து சேர்ந்தால் ரவுண்டு வந்ததாகாது. குண்டு, அதை வெடிக்க வைக்கும் ஃபியூஸ், குண்டைத் தள்ளும் சார்ஜ், சார்ஜைப் பற்றவைக்கும் பிரைமர், நாலும் ஒரே இடத்தில் இருந்தால்தான் ஒரு ரவுண்டு. நூறு குண்டும் அறுபது ஃபியூஸும் இருந்தால் உன் கையிருப்பு அறுபது. நூறு என்று மேலே சொன்னால், அதை நம்பி ஒரு காலாட்படைக் கம்பெனி மலையேறும்.

சார்ஜில் லாட் நம்பரை, அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்பதை, பார். வேறு வேறு லாட் கலந்தால் குண்டு கிளம்பும் வேகம் மாறும். ஒரே குறிக்கு வைத்தாலும் முன்னும் பின்னும் விழும். நம் ஆட்கள் இலக்குக்குப் பக்கத்தில் இருக்கும்போது அந்த வித்தியாசம் உயிரை வாங்கும். லாரியிலிருந்து இறக்கும்போதே லாட் வாரியாகப் பிரித்து அடுக்கு. இருட்டில் பிறகு பிரிக்க முடியாது.

அடுத்தது ஈரம். நம் தீவில் பூட்டிவைத்த டிரங்குப் பெட்டிக்குள்ளேயே பூஞ்சை பிடிப்பதைப் பார்த்தவன் நீ. பெட்டியைத் தரையில் வைக்காதே; அடியில் மரக்கட்டை கொடு. தார்ப்பாயை ஒட்டிப் போர்த்தாமல் காற்று போக இடம் விடு. சுற்றிலும் வாய்க்கால் வெட்டு. சார்ஜ் வெயிலில் காய்ந்தாலும் வேகம் மாறும்; அதனால்தான் அதன் வெப்பத்தை அளந்து கன் பொசிஷனுக்குச் சொல்கிறோம். குண்டின் மூக்கில் இருக்கும் தூக்கும் வளையத்தைக் கழற்றியதும் உள்ளே மறையைப் பார்த்து, மண்ணோ துருவோ இருந்தால் துடைத்துவிட்டு ஃபியூஸைத் திருகு. அவசரத்தில் எல்லோரும் விடுகிற இடம் இது.

உன் வேலை சின்ன வேலை இல்லை. முதல் உலகப்போரில், 1915இல், மேற்குப் போர்முனையில் பிரிட்டிஷ் படைக்குக் குண்டுத் தட்டுப்பாடு வந்தபோது லண்டனில் அமைச்சரவையே மாறியது; தளவாடங்களுக்கென்று தனி அமைச்சகம் பிறந்தது. நம் நீலகிரி அருவங்காட்டில் 1903இல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை சார்ஜுக்கான உந்துமருந்தை இன்றும் செய்கிறது. அங்கே வேலை செய்கிறவரின் உழைப்பு ரயிலிலும் லாரியிலும் டிப்போக்களைக் கடந்து கடைசியில் உன் கைக்கு வருகிறது. அதற்கப்பால் பீரங்கிதான்.

தினமும் இரவு கையிருப்புக் கணக்கு அனுப்பச் சொல்வார்கள். நேற்றைய தாளைப் பார்த்து எழுதாதே, தம்பி. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், அடுக்கடுக்காக எண்ணிவிட்டு எழுது.

அன்புடன்,
உன் ஊர் அண்ணன்
கேம்பல் பே