விடியும்வரை காத்திருக்கலாகாத வயிற்று நோய்கள்

வயிற்றில் தோன்றும் துன்பம் எதுவாயினும் நம் இல்லங்களில் அதற்கு வழங்கும் பெயர் 'வாயு' என்பதே. ஓமநீரும் சீரகக் கஷாயமும் அருந்தப் பெரும்பாலும் அது தணிந்தும் விடுகிறது. ஆயினும் ஒரே பெயரால் அழைப்பதனால் எல்லா வலியும் ஒன்றாகிவிடா. மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவிற்கு மக்கள் விரைந்து வருவதற்கான முதன்மைக் காரணங்களுள் வயிற்றுவலியும் ஒன்று. வருவோருள் பலர் எளிய மருந்துடன் இல்லம் திரும்புவர். சிலருக்கோ காலந்தாழ்த்தி வந்ததே உயிருக்கு இடராக முடிகிறது. ஆகவே, எவ்வெவ் அறிகுறிகள் விடியும்வரை காத்திருக்கலாகாதன என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

1. இடம் மாறும் வலி: குடல்வால் அழற்சியில் வலி முதலில் தொப்புளைச் சுற்றித் தோன்றும், சில மணி நேரத்தில் வலப்புற அடிவயிற்றில் நிலைபெறும். பசியின்மையும் குமட்டலும் இலேசான காய்ச்சலும் உடன்வரும். இந்நிலையில் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாகச் செய்தல் தீங்கு பயக்கும். குடல்வால் வெடிக்க அது ஏதுவாகலாம். கடும் வலி திடீரெனக் குறைந்தாலும் நோய் நீங்கியதென்று கொள்ளலாகாது. வெடித்த பின்னரும் வலி சிறிது நேரம் தணிவதுண்டு.

2. கரிய மலம்: தார் போன்று கறுத்துப் பிசுபிசுப்பாக மலம் கழிதல், இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ குருதி கசிவதைக் காட்டும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆயின் தலைசுற்றலும் சோர்வும் சேர்ந்திருப்பின் ஐயுறுதல் வேண்டும். மூட்டுவலிக்காக நெடுநாள் மாத்திரை உட்கொள்வோர்க்கு இவ்வாபத்து மிகுதி.

3. பலகை போன்ற வயிறு: குடற்புண் துளைபட்டால் கத்தியால் குத்தியது போன்ற வலி நொடியில் தோன்றி, வயிறு விறைத்துப்போகும். வயிறு உப்பி, வாந்தி தொடர்ந்து, மலமும் வாயுவும் அறவே வெளியேறாமை குடலடைப்பின் குறியாகும்.

4. மேல்வயிற்று அழுத்தம்: இதயத்தின் அடிப்பகுதி உதரவிதானத்தின்மேல் அமைந்துள்ளது. ஆதலின் மாரடைப்பு சிலருக்கு, சிறப்பாக முதியோர்க்கும் நீரிழிவு உடையோர்க்கும், அஜீரணம் போலவே தோன்றும். வியர்வையும் மூச்சுத்திணறலும் உடனிருப்பின் சோடா அருந்திப் பார்த்திராமல் உடனே இ.சி.ஜி. எடுத்தல் வேண்டும்.

5. நீரிழப்பு: 1971ஆம் ஆண்டில், வங்காள அகதிகள் முகாமில் காலராவால் மடியும் நிலையில் இருந்தோரை மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீராலேயே பெருமளவில் காத்தார். பேதிக்கு அந்நீரே முதல் மருந்து. எனினும் குழந்தை அந்நீரையும் வாந்தியெடுத்து, கண் குழிந்து, சிறுநீர் கழியாதிருப்பின் இல்லத்தில் வைத்திருத்தல் கூடாது.

உபவாச நாளில் இவ்வறிகுறிகள் தோன்றின், 'நோன்பின் வாட்டம்' என்றெண்ணி நம்மவர் பொறுத்திருப்பதுண்டு. பசி உடலைத் தளர்த்தும். ஆயின் வலப்புற அடிவயிற்றை மட்டும் நோகச் செய்யாது, மலத்தைத் தாராக்காது. இரவில் எதுவும் உட்கொள்ளலாகாது என்னும் நியமத்தால் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவோரும் உளர். அவர்கள் ஒன்றை அறிதல் வேண்டும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று ஐயுறும் நோயாளிக்கு மருத்துவர்களே வாய்வழியாக உணவும் நீரும் தருவதில்லை. நரம்பின் வழியாகவே நீரும் மருந்தும் செலுத்துகின்றனர். எனவே நியமத்தின் பொருட்டுப் புறப்படாதிருத்தல் தேவையற்றது.

செல்லும்போது வலி தொடங்கிய நேரம், தொடங்கிய இடம், இறுதியாக உண்ட வேளை, உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றைக் குறித்துச் செல்க. உபவாசம் இருந்ததையும் மறைக்காது கூறுக. தமிழகத்தில் 2008ஆம் ஆண்டு முதல் 108 என்னும் எண்ணில் அவசர ஊர்தி கிடைக்கிறது. இல்லத்தில் உள்ள முதியோர்க்கும் இளையோர்க்கும் இவ்வைந்து குறிகளையும் படித்துக் காட்டுதல் நம் அனைவர்க்கும் நலம் பயக்கும்.