எரிந்த மலைச்சரிவும் முதல் மழையும்

மும்பை நகரின் சுனாபட்டி, செம்பூர் முதலிய பகுதிகளில் வாழ்வோர்க்கு மழைக்காலத்து வெள்ளமும் மண்சரிவும் புதியன அல்ல. 2005 ஆம் ஆண்டு ஜூலை 26 ஆம் நாள் தொடங்கிய 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. 2021 ஆம் ஆண்டு ஜூலை 18 ஆம் நாள் அதிகாலையில் செம்பூர் பாரத் நகரில், கனமழையின்போது குன்றின் அடிவாரத்து மதில் இடிந்து வீடுகளின்மீது வீழ்ந்ததில் பலர் உயிரிழந்தனர். இவ்வனுபவங்களினால், நெடுநேரம் பெய்யும் பெருமழையே மண்சரிவுக்குக் காரணம் என்னும் எண்ணம் மக்களிடையே நிலைபெற்றுள்ளது. பொதுவாக இது சரியே. ஆயினும், கடுந்தீயினால் எரிந்த சரிவுக்கு இவ்விதி பொருந்துவதில்லை. அங்கே சில நிமிடங்கள் பெய்யும் மழையே கேடு விளைவிக்கப் போதுமானது.

இருவகைச் சரிவுகள்

சாதாரணச் சரிவில் மழைநீர் மண்ணினுள் இறங்குகிறது. பல மணி நேரம் நீரை ஏற்ற மண் கனத்து, பிடிப்புத் தளர்ந்து, அடிப்பாறையை விட்டு வழுகுகிறது. எரிந்த சரிவில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. நீர் உள்ளே இறங்குவதே இல்லை. அது மேற்பரப்பில் ஓடி, சாம்பலையும் தளர்ந்த மண்ணையும் அரித்து, ஓடைகளில் ஒன்றுசேர்கிறது. வழியிலுள்ள கற்களையும் கருகிய மரங்களையும் வாரிக்கொண்டு, கட்டடச் சாந்து போன்ற கனத்த குழம்பாகக் கீழ்நோக்கி விரைகிறது. தீ அணுகாத தொலைவிடத்து ஊர்களும் இதனால் அழிவுறக்கூடும்.

தீயினால் மண்ணில் விளையும் மாறுதல்

மரக்கிளைகளும் இலைகளும் தரையிலுள்ள சருகும் மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கின்றன. தீ இவற்றை அகற்றிவிடுகிறது. மேலும், சருகிலுள்ள மெழுகு போன்ற பொருள்கள் வெப்பத்தால் ஆவியாகி மண்ணினுள் இறங்கி, சில சென்டிமீட்டர் ஆழத்தில் குளிர்ந்து மண் துகள்களின்மீது படிகின்றன. இவ்வாறு நீரை ஏற்காத ஓர் அடுக்கு உண்டாகிறது. நுண்ணிய சாம்பல் மண்ணின் துளைகளை அடைப்பதும் உண்டு.

இவ்வகைப் பெருக்கின் அபாயம் தீக்குப் பிந்திய முதல் இரண்டு ஆண்டுகளில் மிகுதி. அதன்பின்னரும் முழு அமைதி கொள்வதற்கில்லை. இறந்த மரங்களின் வேர்கள் சில ஆண்டுகளில் மக்கிப்போவதால், மண்ணைப் பிணைத்து வைக்கும் வலிமை குன்றி, சாதாரண வகை மண்சரிவு நேரலாம்.

மாண்டெசிட்டோ நிகழ்ச்சி

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2017 டிசம்பரில் மூண்ட காட்டுத்தீ 1,100 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பை எரித்தது. அது முற்றிலும் கட்டுப்பட்டதாக அறிவிக்கப்படுமுன்பே, 2018 ஜனவரி 9 ஆம் நாள் விடியுமுன் மழை பெய்தது. ஐந்து நிமிடங்களில் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர். எரிந்த மலையடியிலிருந்த மாண்டெசிட்டோ என்னும் ஊரைச் சேறும் பெரும்பாறைகளும் மூடின. 23 பேர் மாண்டனர். சாந்தாகுரூஸின் 944 மில்லிமீட்டரோடு இதனை ஒப்பிட்டு நோக்குக. அழிவை நிர்ணயித்தது மழையின் மொத்த அளவன்று. அதன் வேகமும் நிலத்தின் நிலையுமே.

நம் நாட்டு நிலை

மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டுத்தீ பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரை நேர்கிறது. தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்குகிறது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 ஆம் நாள் பலரைப் பலிகொண்ட தீ நினைவிருக்கலாம். அத்தகைய தீக்கும் பருவமழைக்கும் இடையே மூன்று மாதங்களே உள்ளன. புதிய புல் வேரூன்ற இக்காலம் போதாது.

எனினும், எரிந்த சரிவு ஒவ்வொன்றும் அபாயமானதன்று. புல்வெளித்தீ விரைந்து கடந்துவிடுவதால் மண் அதிகம் சூடேறுவதில்லை; புல்லின் அடிக்கட்டையும் வேரும் பிழைத்திருக்கும். கருஞ்சருகு எஞ்சியிருப்பின் தீ மெல்லியது எனலாம். சருகு முழுதும் எரிந்து வெண்சாம்பல் படிந்திருப்பின், தீ நெடுநேரம் நின்று எரிந்தது என அறிக.

செய்து காணும் சோதனை

ஆசிரியர் இதனைப் பள்ளியிலேயே காட்டலாம். சருகு எரிந்த ஓரிடத்தையும் எரியாத ஓரிடத்தையும் தேர்ந்துகொள்க. மண் உலர்ந்திருத்தல் வேண்டும். சாம்பலை மெல்ல அகற்றிவிட்டு ஒரு துளி நீரை விடுக. பின்னர் 2 சென்டிமீட்டர், 5 சென்டிமீட்டர் ஆழங்களிலும் அவ்வாறே செய்க. துளி ஐந்து வினாடிக்கு மேல் உருண்டு நின்றால், அம்மண் நீரை விலக்கும் தன்மையுடையது. மழைக்காலத்தில் மாணவரை எரிந்த சரிவுக்கு அழைத்துச் செல்லலாகாது.

களப்பணியாளர் கவனத்திற்கு

1. டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோளால் அறியப்படும் தீ பற்றிய செய்திகளைப் பதிவு செய்துகொண்டோர்க்கு அனுப்புகிறது. தீ நேர்ந்த சரிவின் கீழுள்ள ஓடைகளையும் வீடுகளையும் கோடையிலேயே குறித்துக்கொள்க. ஓடைகளிலும் பாலங்களின் அடியிலும் உள்ள மரக்கட்டைகளை அகற்றுக.

2. 2005 இல் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் பெய்த அதே வேளையில் கொலாபாவில் 73 மில்லிமீட்டரே பெய்தது. ஆதலின் தொலைவிலுள்ள மழைமானியை நம்பியிராமல், சரிவின் அருகிலேயே ஒன்றை அமைத்து, கால் மணிக்கு ஒருமுறை அளவு குறித்தல் நன்று.

3. ஓடைநீர் திடீரெனக் கலங்கினாலோ, மழை பெய்யும்போதே குறைந்தாலோ, மேலே அடைப்பு நேர்ந்திருக்கலாம். உறுமல் ஒலி கேட்பின் ஒரு கணமும் தாமதியாமல் ஓடையை விட்டு விலகி, பக்கத்து மேட்டில் ஏறுதல் வேண்டும். ஓடை வழியே கீழ்நோக்கி ஓடலாகாது.

இவ்வகைப் பெருக்கில் மழை தொடங்கிய பின் ஆலோசிக்க நேரமில்லை. கனமழை முன்னறிவிப்பு வந்தவுடனேயே ஓடையோரக் குடும்பங்களை அப்புறப்படுத்துதல் ஒன்றே உறுதியான காப்பு. தீ அணைந்த நாளோடு பணி முடிந்ததென்று கருதாமல், அன்றே வெள்ளத் தடுப்புப் பணி தொடங்குகிறதென்று கொள்ளுதல் வேண்டும்.