ஊழியர் சாப்பாடு செலவா, முதலா?

செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் வியாபாரிகளாகிய நமது கை முதலில் போவது ஊழியரின் சாப்பாட்டில்தான். நானும் அதைச் செய்தவன்.

2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. அந்த நாட்களில் கடையில் 20 பேருக்கு எடுத்துவந்த சோற்றுப் பார்சலை நிறுத்தி, சிறுதொகையைக் கையில் கொடுத்தேன். கணக்கில் மிச்சம் தெரிந்தது. ஆனால் பையன்கள் அந்தக் காசை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பணிஸும் பிளேன்டீயுமாகப் பகலைக் கழித்தார்கள். ஒருநாள் மூட்டை இறக்கிய ஒருவர் தலைசுற்றி விழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நம் கையின் கீழ் இருப்பவருக்கு நாம் உண்பதையே கொடுக்க வேண்டும் என்பதல்லவா நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி?

அதன்பின் கடையிலேயே சமைக்கத் தொடங்கினோம். சோறும் கௌபிக் கறியும்தான். எமது அனுபவத்தில் கண்டவை:

1. அளவு: 20 பேருக்கு அரிசி இரண்டரைக் கிலோ, காய்ந்த கௌபி ஒரு கிலோ. வெந்ததும் கௌபி இரண்டு மடங்குக்கு மேல் வரும். விலை மலிவென்று அதிகமாக வாங்கி அடுக்காதீர்கள். பழைய கௌபி எளிதில் வேகாது.

2. ஊறவைத்தல்: இரவே ஊறவைத்து, காலையில் தண்ணீரை மாற்றி வேகவையுங்கள். கேஸ் மிச்சமாகும்.

3. புளிப்பு: தக்காளியோ கொறுக்காயோ கௌபி மெத்தென்று வெந்த பிறகே சேர்க்க வேண்டும். முன்னரே போட்டால் இறுகிப்போய் வேக நேரமெடுக்கும்.

4. சுவை: இறைச்சி இல்லாத குறையைத் தாளிதம் தீர்க்கும். வெங்காயம், உள்ளி, கறிவேப்பிலை, ரம்பை, செத்தல் மிளகாய் ஆகியவற்றைப் பொன்னிறமாக வரும்வரை பொறுமையாகத் தாளியுங்கள். தேங்காயின் இரண்டாம் பாலில் கறியை வேகவிட்டு, முதற்பாலை இறக்குமுன் சேருங்கள்.

5. தண்ணீர்: பத்து மடங்கு அரிசிக்குப் பத்து மடங்கு தண்ணீர் வேண்டாம். பெரிய சட்டியில் ஆவியாகிப் போவது ஒப்பளவில் குறைவு. கூடினால் சோறு குழைந்துவிடும்.

6. மிச்சச் சோறு: சமைத்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். அதில் உண்டாகும் நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் போகாது. ஆகவே தலையை எண்ணி அரிசியை அளவுங்கள்.

அல்ஹம்துலில்லாஹ், பார்சலுக்குக் கொடுத்ததை விடக் குறைவாகவே முடிகிறது. இப்போது நானும் பையன்களோடு ஒரே சஹனில் உட்காருகிறேன். வீட்டிலிருந்து எனக்குத் தனியாகச் சாப்பாடு வருவதில்லை.

சகோதர வியாபாரிகளே, அடுத்த முறை சாப்பாட்டுச் செலவை வெட்ட நினைத்தால், அதற்கு முன் ஒரு பெரிய சட்டி வாங்கிப் பாருங்கள்.