தசைகள்: நம்புவது ஒன்று, நடப்பது வேறு

இதயம், சிறுநீரகம் என்றால் பதறிப்போய் மருத்துவரிடம் ஓடுகிறோம். தசை என்றால் மட்டும் அது பயில்வான்களின் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம். உடல் எடையில் ஆண்களுக்குச் சுமார் 38 சதவீதமும் பெண்களுக்குச் சுமார் 31 சதவீதமும் எலும்புத் தசைகள்தான். நிற்பது, நடப்பது, மூச்சு விடுவது தொடங்கி, சாப்பாட்டின் சர்க்கரையை இரத்தத்திலிருந்து வாங்கிக்கொள்வது வரை அவற்றின் வேலை நீள்கிறது. இவ்வளவு வேலை செய்யும் தசைகளைப் பற்றி நம்மிடையே தவறான நம்பிக்கைகள் ஏராளம். சில வெறும் அறியாமை. சிலவோ பெண்களையும் முதியவர்களையும் தங்கள் உடலைப் பேணவிடாமல் தடுத்துக் கெடுதலே செய்கின்றன.

நம்பிக்கை 1: தசை என்பது கை, கால், தோளில் திரண்டு தெரிவது.

உண்மை: கண்ணுக்குத் தெரிவது ஒரு வகை மட்டுமே. எலும்புகளோடு தசைநாண்களால் பிணைக்கப்பட்டு, நம் விருப்பப்படி இயங்குபவை எலும்புத் தசைகள். இவை 600-க்கும் மேல். பிட்டத்தில் இருப்பது இவற்றில் மிகப் பெரியது. காதுக்குள் அங்கவடி எலும்பைப் பிடித்திருக்கும் தசையோ ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இல்லை. பெருஞ்சத்தம் கேட்டால் அந்த எலும்பின் அதிர்வைக் குறைப்பது அதன் வேலை. இரண்டாவது வகை, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயத் தசை. மூன்றாவது வகை மென்தசை. உணவுக்குழாய், குடல், இரத்தக் குழாய், கருப்பை, சிறுநீர்ப்பை ஆகியவற்றின் சுவர்களில் இருப்பது இதுதான். குளிரில் உடல் சிலிர்க்கும்போது ஒவ்வொரு மயிர்க்காலையும் நிமிர்த்துவதும் ஒரு சின்னஞ்சிறு மென்தசையே. இதயத் தசையும் மென்தசையும் நம் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை.

நம்பிக்கை 2: தசை இழுக்கவும் செய்யும், தள்ளவும் செய்யும்.

உண்மை: தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும். இடது கையால் வலது மேற்கையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். முழங்கையை மடக்கினால் முன்பக்கத்தில் பைசெப்ஸ் இறுகித் திரளும். மேசையை உள்ளங்கையால் கீழ்நோக்கி அழுத்தினால் முன்பக்கம் தளர்ந்து, பின்பக்கத்து டிரைசெப்ஸ் இறுகும். நாம் தள்ளுவதாக நினைக்கும்போதும் உள்ளே ஏதோ ஒரு தசை எலும்பை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. இப்படி எதிரெதிராக வேலை செய்யும் தசைகளால்தான் மூட்டுகள் மடங்கி நிமிர்கின்றன.

இந்த இழுப்பு எப்படி நடக்கிறது என்பதற்கான விடை 1954-இல் கிடைத்தது. ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ரால்ஃப் நீடர்கெர்கே ஒரு குழு. ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் இன்னொரு குழு. இரு குழுக்களின் கட்டுரைகளும் ‘நேச்சர்’ இதழில் ஒன்றாகவே வெளிவந்தன. தசை சுருங்கும்போது அதனுள் இருக்கும் இழைகளின் நீளம் குறைவதில்லை. மெல்லிய ஆக்டின் இழைகள் தடித்த மயோசின் இழைகளின்மேல் வழுக்கி நகர்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். நரம்பின் கட்டளை வந்ததும் தசை இழைக்குள் கால்சியம் பாய்கிறது. உடனே மயோசினின் நுண்ணிய தலைகள் ஆக்டினைப் பற்றி இழுத்து, விட்டு, சற்றுத் தள்ளி மீண்டும் பற்றி இழுக்கின்றன, தேர் வடத்தைக் கை மாற்றி மாற்றி இழுப்பது போல. பிடியை விடுவதற்கும் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு வேண்டும். இறந்தபின் ஏடிபி தீர்ந்துபோவதால் பிடி விடுபடாமல் சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடுகிறது.

நம்பிக்கை 3: உடற்பயிற்சிக்கு மறுநாள் வலிப்பது லாக்டிக் அமிலம் தேங்குவதால்.

உண்மை: மலைக்கோயிலுக்குப் படியேறிப் போய்வந்தவர்களுக்கு இதன் விடை தெரியும். மூச்சு வாங்குவது ஏறும்போது. மறுநாள் தொடை பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இறங்கியதால். லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவமான லாக்டேட் அதிகம் உண்டாவதும் ஏறும்போதுதான். வலிக்கு அதுவே காரணமென்றால் ஏறியதுதானே அதிகம் வலிக்க வேண்டும்? மேலும், பயிற்சி முடிந்து சுமார் ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் லாக்டேட் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. வலியோ 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்தை அடைகிறது.

இறங்கும்போது தொடையின் முன்தசை உடல் பாரத்தைத் தாங்கியபடியே நீள்கிறது. அதனால் ஏற்படும் நுண்ணிய சிதைவும், அதைச் சரிசெய்ய எழும் அழற்சியுமே வலிக்குக் காரணம். தசைக்குள் ஏற்படும் சிதைவே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் தியோடர் ஹஃப் 1902-லேயே எழுதியிருந்தார். ஆனால் தவளையின் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்வதைக் கண்ட ஆய்வுகள் புகழ்பெற்றன. அந்த வழியில் வந்த ஏ.வி. ஹில், ஓட்டோ மேயர்ஹோஃப் இருவரும் 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசையும் பெற்றார்கள். பழி அமிலத்தின்மேல் நிலைத்துவிட்டது. உண்மையில் லாக்டேட் கழிவே அல்ல. இதயமே அதை எரிபொருளாகப் பயன்படுத்துகிறது.

நம்பிக்கை 4: பயிற்சியை நிறுத்தினால் தசை கொழுப்பாக மாறிவிடும்.

உண்மை: தசை இழையும் கொழுப்புச் செல்லும் வேறு வேறு. ஒன்று மற்றொன்றாக மாறாது. பயிற்சி நின்றால் தசை இழைகள் மெலிகின்றன. சாப்பாடு மட்டும் பழையபடியே தொடர்ந்தால் மிஞ்சும் ஆற்றல் கொழுப்பாகச் சேர்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் நடப்பதால் மாறிவிட்டது போலத் தோன்றுகிறது. இதைச் சாக்காக வைத்துப் பயிற்சியைத் தொடங்காமலே இருப்பவர்களுக்கு, மெலியவிடக்கூடிய தசைகூடச் சேராது.

நம்பிக்கை 5: எடை தூக்கினால் பெண்களின் உடல் ஆண்களைப் போல ஆகிவிடும்.

உண்மை: தசையைப் பருக்கவைப்பதில் பெரும் பங்கு வகிக்கும் டெஸ்டோஸ்டிரோன், பெண்களைவிட ஆண்களுக்குப் பத்து மடங்குக்கும் மேல் சுரக்கிறது. எனவே எடைப் பயிற்சி செய்யும் பெண்களுக்குப் பலம் நன்றாகவே கூடும். உடல் அவ்வளவாகப் பருக்காது. முதல் சில வாரங்களில் கூடும் பலத்துக்கு முக்கியக் காரணம், நரம்புகள் தசை இழைகளைத் திறம்பட இயக்கப் பழகுவதே. எடை தாங்கும் பயிற்சி எலும்புக்கும் நல்லது. மாதவிடாய் நின்றபின் எலும்புத் தேய்வு வேகமெடுக்கும் பெண்களைத்தான் இந்த நம்பிக்கை பயிற்சியிலிருந்து விலக்கி வைக்கிறது. நீர்க்குடமும் நெல் மூட்டையும் காலங்காலமாகச் சுமந்த பெண்களின் நாட்டில் இப்படி ஒரு பயம் தேவையே இல்லை.

நம்பிக்கை 6: டப்பாவில் விற்கும் புரத மாவு இல்லாமல் தசை வளராது.

உண்மை: தசை வளரப் புரதம் வேண்டும், அது டப்பாவிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடை உள்ளவருக்கு இது சுமார் 50 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், 30 கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 7 கிராம் இருக்கிறது. பருப்பு, சுண்டல், பால், மீன், கோழி ஆகியவற்றைச் சேர்த்தால் மீதியும் கிடைத்துவிடும். கடும் பயிற்சி செய்பவர்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படும். அதையும் உணவிலேயே பெறலாம். 2024-இல் வெளியான இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி, உடலைப் பெருக்கப் புரத மாவுகளைச் சாப்பிட வேண்டாம் என்றே சொல்கிறது. பயிற்சி இல்லாமல் சாப்பிடும் கூடுதல் புரதம் தசையாக ஆவதில்லை.

நம்பிக்கை 7: கால் பக்கமாகப் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும்.

உண்மை: திடீரென வரும் இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் சில நாட்களிலோ சில வாரங்களிலோ தானாகவே குறைந்துவிடும். இடையில் யார் மிதித்தாலும் பெயர் அவருக்குப் போய்விடுகிறது. எலும்பு தேய்ந்த முதியவரின் முதுகை மிதிப்பது முறிவில் முடியலாம். படுத்தே கிடப்பதும் நல்லதல்ல. வலி பொறுக்கும் அளவுக்கு நடமாடுவதே விரைவில் குணமாக உதவும். கால் மரத்துப்போனாலோ, பலமிழந்தாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம்பிக்கை 8: ஒல்லியாக இருப்பவருக்குச் சர்க்கரை நோய் வராது.

உண்மை: எடை குறைவு என்றால், உடலில் எது குறைவு என்றும் பார்க்க வேண்டும். 2004-இல் ‘லான்செட்’ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள்: புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், இங்கிலாந்தின் ஜான் யுட்கின். இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் ஒன்றேதான்: 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லியாக இருந்தும் தசை குறைந்து கொழுப்பு மிகுந்த உடல்வாகு இந்தியர்களிடம் பரவலாகக் காணப்படுகிறது.

சாப்பிட்டபின் இரத்தத்தில் சேரும் குளூக்கோஸை இன்சுலின் உதவியோடு பெருமளவு வாங்கிக்கொள்வது எலும்புத் தசை. அது குறைந்தால் சர்க்கரை தங்கும் இடமும் குறைகிறது. ஆனால் ஒரு நல்ல செய்தி: தசை வேலை செய்யும்போது இன்சுலினின் தயவு இல்லாமலும் அதனால் குளூக்கோஸை இழுத்துக்கொள்ள முடியும். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. இந்த நாட்டில் தசையைப் பேணுவதை அழகு சார்ந்த விஷயமாக ஒதுக்கிவிட முடியாது.

நம்பிக்கை 9: வயதானவர்கள் சிரமப்படாமல் உட்கார்ந்திருப்பதே நல்லது.

உண்மை: இருப்பவற்றில் மிகவும் கெடுதலான நம்பிக்கை இதுதான், அதுவும் பாசத்தின் பெயரால் சொல்லப்படுவது. முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்குமேல் வேகம் கூடுகிறது. உட்கார்ந்தே இருந்தால் இன்னும் கூடும். தரையிலிருந்து எழ முடியாமல் போவதும், குளியலறையில் தடுமாறி விழுவதும், இடுப்பெலும்பு முறிவதும் பின்னாலேயே வருகின்றன.

மரியா ஃபியாட்டரோன் குழுவினர் அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில், சராசரியாக 90 வயதான, தளர்ந்த உடல் கொண்டவர்களுக்கு 8 வாரம் எடைப் பயிற்சி அளித்தார்கள். 1990-இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது: தொடைத் தசையின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. அவர்களில் இருவர் கைத்தடி இல்லாமலே நடக்கத் தொடங்கினார்கள். பயிற்சியை நிறுத்திய 4 வாரங்களில் பலம் 32 சதவீதம் குறைந்ததையும் அதே ஆய்வு பதிவு செய்தது. தொண்ணூறு வயதிலும் தசை கேட்கும். ஆனால் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டி, பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது எல்லாப் பெரிய தசைகளுக்கும் பலம் தரும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. முதியவர்கள் வாரத்தில் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் சேர்த்துச் செய்வது நல்லது. ஜிம்முக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது ஆகியவையே நல்ல தொடக்கம். இதய நோயோ மூட்டு வலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். வீட்டில் அம்மாவோ தாத்தாவோ எழுந்து ஒரு வேலை செய்யப் போனால், ‘நீங்க உட்காருங்க’ என்று தடுக்காதீர்கள். கூடவே நில்லுங்கள், அவர்களே செய்யட்டும்.