சமையல் கூடாரத்துப் பேச்சு

நுழையும்முன்

மலையேற்றம் என்றவுடன் உச்சியில் நடப்பட்ட கொடியே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், எவரெஸ்ட் உச்சியில் ஒருவர் நிற்பது சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களுக்காக மலையடியில் அவர் வாழ்வது ஏறத்தாழ இரண்டு மாதங்கள். அந்த நாள்களில் மலையேறுவோர் எதை எண்ணிக் கவலைப்படுகின்றனர், எதைச் சொல்லிச் சிரிக்கின்றனர்? இமயமலையின் ஷெர்பா மக்களை முன்வைத்து இப்பாடம் அதனைப் பேசுகிறது.

கிழக்கிலிருந்து வந்தவர்கள்

நேபாளத்தின் சொலுகும்பு மாவட்டத்தில், எவரெஸ்ட்டின் தெற்குச் சரிவை ஒட்டி அமைந்தது கும்புப் பள்ளத்தாக்கு. நாம்சே பசார், கும்ஜுங், தாமே, போர்ட்சே முதலியன அங்குள்ள ஊர்கள். ‘ஷர்’ என்றால் கிழக்கு. ‘பா’ என்றால் மக்கள். திபெத்தின் கிழக்குப் பகுதியிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் மலை கடந்து வந்தவர்கள் ஆதலால் ஷெர்பா எனப் பெயர் பெற்றனர். உருளைக்கிழங்கு பயிரிடுதல், யாக் மேய்த்தல், திபெத்தோடு வணிகம் செய்தல் ஆகியவையே அவர்தம் பழைய தொழில்கள். உச்சிகள் தெய்வம் உறையும் இடங்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே, அவற்றின்மீது ஏறும் வழக்கம் அவர்களிடம் இருந்ததில்லை. 1920களில் ஆங்கிலேயக் குழுவினர் டார்ஜிலிங்கில் சுமைதூக்க ஆள் சேர்த்தபோதுதான் மலையேற்றம் அவர்களுக்குப் பிழைப்பாயிற்று. 1953ஆம் ஆண்டு மே 29 அன்று எட்மண்ட் ஹிலாரியுடன் டென்சிங் நோர்கே எவரெஸ்ட் உச்சியை அடைந்த பின்னர், உலகம் ‘ஷெர்பா’ என்னும் சொல்லை ஒரு வேலையின் பெயராகவே வழங்கத் தொடங்கியது. ஓர் இனத்தின் பெயர் சுமப்பவரைக் குறிக்கும் பொதுச்சொல்லாகத் தேய்ந்தது அவ்வினத்தார்க்குப் பெருமையா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சோறு வேகாத ஊர்

எவரெஸ்ட்டின் தெற்கு அடிவார முகாம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5364 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒவ்வொரு மூச்சிலும் கிட்டும் உயிர்வளி, கடற்கரையில் கிட்டுவதில் ஏறத்தாழப் பாதியே. காற்றழுத்தம் குறைவாதலால் தண்ணீர் 100 பாகை வரை காத்திராமல் ஏறத்தாழ 83 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கும் நீரில் அரிசி எளிதில் வேகாது; பருப்போ கல்லாகவே கிடக்கும். குக்கர் இல்லையேல் சோறில்லை. எனவே, உலகின் மிக உயர்ந்த மலையின் அடியில் காலையில் எழும் முதல் வினா உச்சியைப் பற்றியதன்று. குக்கரின் வளையம் சரியாகப் பொருந்தியதா என்பதே. சமையற்காரரே முகாமின் கேலிக்கு முதல் இலக்கு. முகாமில் யாவரும் அஞ்சும் மனிதரும் அவரே. உயரம் கூடக்கூடப் பசி மங்கும். உண்ணாதவர் மேலே ஏறவும் இயலாது, சுமக்கவும் இயலாது. பருப்புச் சோறு, வெண்ணெய் தடவிய உருளைக்கிழங்கு அடை, காய்கறியும் மாவுருண்டைகளும் இட்டுக் காய்ச்சும் ‘ஷியாக்பா’ எனப்படும் கஞ்சி ஆகியவற்றுள் ஒன்றையாவது எல்லாரும் உண்டனரா எனப் பார்ப்பது சமையற்காரரின் பொறுப்பு.

முகாம் அமைந்திருப்பது நிலத்தின்மேல் அன்று, நகர்ந்துகொண்டிருக்கும் பனியாற்றின்மேல். வெயிலில் சுற்றியுள்ள பனி உருக, கூடாரத்தின் அடியில் மட்டும் உருகாமல் நிற்கும். சில வாரங்களில் கூடாரம் ஒரு திண்ணையின்மேல் ஏறி அமர்ந்ததுபோல் ஆகிவிடும். நேற்றுச் சமமாகப் படுத்தவர் இன்று சரிவில் உறங்குவார். கற்களைப் பெயர்த்து மீண்டும் தரையைச் சமன்செய்தல் அன்றாட வேலைகளுள் ஒன்று. குளிர்ந்த, வறண்ட காற்றால் வரும் இருமலும் அங்குப் பொதுச்சொத்து. விலா எலும்பு விரிசலுறும் அளவுக்கு இருமுவோரும் உண்டு. ஈரமான காலுறை, இறுக்கும் காலணி, உலராத கையுறை எனக் கவலைகள் யாவும் சிறியவை. ஆனால், மேலே 8000 மீட்டரில் ஈரக் காலுறை ஒரு விரலைக் கொண்டுபோகும். அங்குள்ளோர் சிறியவற்றைப் பற்றி ஓயாது பேசுவதன் காரணம் இதுவே.

எந்தப் பாசங்?

ஷெர்பாக்களுள் பலர் பிறந்த கிழமையின் பெயரைத் தாங்கியவர்கள். ஞாயிறு பிறந்தவர் நீமா, திங்கள் தாவா, செவ்வாய் மிங்மா, புதன் லாக்பா, வியாழன் புர்பா, வெள்ளி பாசங், சனி பெம்பா. இப்பெயர்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. வாரத்திற்குக் கிழமைகள் ஏழுதானே! சமையல் கூடாரத்தின் வாயிலில் நின்று “பாசங்!” என ஒருவர் அழைத்தால் நான்கு தலைகள் திரும்பும். “எந்தப் பாசங்?” என்னும் மறுவினாவிலேயே கேலி தொடங்கிவிடும். ஊரைச் சொல்லி, தந்தையைச் சொல்லி, அதுவும் பயன்படாதபோது ஆளின் குறையைச் சொல்லி அடையாளம் காட்டுவர். குறட்டை விடுபவர், சீட்டாட்டக் கடனைச் செலுத்தாதவர், புதிதாக மணம் முடித்து வந்து ஊர்ப்பக்கமே பார்த்திருப்பவர் எனப் பட்டப்பெயருக்குக் குறைவில்லை. ஒரே ஊரில் மூன்று முருகன்கள் இருப்பின் நம் மக்கள் செய்வதும் இதுதான்.

மூத்தவரை நேபாள மொழியில் அண்ணன் என விளிக்கும் சொல் ஏறத்தாழ ‘தாய்’ என்று ஒலிக்கும். நம் செவிக்கு வேறோர் உறவை நினைவூட்டும் இச்சொல்லைச் சொல்லித்தான் இளையவர் கேலியைத் தொடங்குவார். கேலியின் கூர்மை எவ்வளவாயினும் முறைச்சொல் விடுபடுவதில்லை. விருந்தோம்பலிலும் ஒரு விளையாட்டு உண்டு. தேநீரோ ‘சாங்’ எனப்படும் தானியக் கள்ளோ நீட்டப்பட்டால் விருந்தினர் உடனே வாங்குதல் நாகரிகமன்று. அவர் மறுக்க வேண்டும். கொடுப்பவர் “ஷே, ஷே” என வற்புறுத்த வேண்டும். ஒரு வாய் பருகியதும் கோப்பை மீண்டும் நிரம்பும். இவ்வழக்கம் அறியாத வெளிநாட்டவர் முதல் மறுப்போடு தம் கோப்பையைத் திருப்பித் தந்துவிட்டுப் பருக ஒன்றுமின்றி அமர்ந்திருப்பதும், முகமலர்ச்சிக்காக ஏற்றுக்கொண்டே இருப்பவர் எழ முடியாமல் திணறுவதும் முகாமின் நகைச்சுவைகள்.

சிரிப்பு நின்றால்

இப்பேச்சு பொழுதுபோக்கு மட்டுமன்று. மிகு உயரத்தில் மூளையில் நீர் கோக்கும் நோய் உண்டு. அதன் அடையாளங்கள் நடை தள்ளாடுதல், சொல் குழறுதல், மனம் குழம்புதல், காரணமின்றி எரிச்சலுறுதல். நோயுற்றவர் தமக்கு ஒன்றுமில்லை என்றே சாதிப்பார். உடனே கீழே இறக்காவிடில் ஓரிரு நாளில் உயிர் போகும். அதனை முதலில் அறிபவர் மருத்துவர் அல்லர், உடனிருப்பவரே. நேற்றுவரை கேலிக்குக் கேலி தொடுத்தவர் இன்று விடை சொல்லாது வெறித்துப் பார்த்தால், உடனிருப்பவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரை நேர்க்கோட்டில் நடக்கச் சொல்வார். ஒருவரின் வழக்கமான பேச்சை அறிந்திராதவர்க்கு அதில் நேர்ந்த மாற்றமும் தெரியாது. கம்பியில்லாக் கருவியில் மேல்முகாமும் கீழ்முகாமும் பேசிக்கொள்வதிலும், செய்தியைவிடக் குரலையே செவிமடுப்பர்.

ஒரு கயிற்றில் தம்மைப் பிணைத்துக்கொள்பவர்கள் ஒருவர் எடையை மற்றவர் தாங்க வேண்டியவர்கள். ஆகவே, வேடிக்கையும் வசையும் ஒன்றாகிவிடாமல் காப்பதும் அங்கு உயிர்ப்பிரச்சினை. 2013ஆம் ஆண்டு ஏப்ரலில், லோட்சே முகப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஷெர்பாக்களுக்கும் ஐரோப்பிய மலையேறுநர் மூவர்க்கும் பூசல் எழுந்தது. வேலை முடியும்வரை அவ்வழியே எவரும் ஏறலாகாது என்பது முகாமின் ஏற்பாடு. வாக்குவாதத்தில் நேபாள மொழியின் இழிசொல் ஒன்று ஐரோப்பியர் தரப்பிலிருந்து வெளிப்பட்டது. அன்றே இரண்டாம் முகாமில் ஷெர்பாக்கள் பலர் திரண்டு அம்மூவரைத் தாக்கினர். பின்னர், அடிவார முகாமில் இருதரப்பும் கூடி எழுத்து வடிவில் உடன்பாடு செய்துகொண்டன. அடித்தது தவறே. எனினும், அதே சொல் தம்முள் ஒருவர் வாயிலிருந்து, முறைச்சொல்லோடு வந்திருந்தால் சிரிப்பில் முடிந்திருக்கலாம்.

கேலி நிற்கும் இடம்

முகாம் எழுந்ததும் லாமா வந்து பூசை நிகழ்த்துவார். கல்லால் அடுக்கிய மேடையில் நறுமணத் தழை புகையும். வண்ணக் கொடிகள் கட்டப்படும். பனிக்கோடரிகளும் காலணியில் பூட்டும் இரும்பு முள்தட்டுகளும் வாழ்த்துப் பெறுவதற்காக அடுக்கப்படும். இறுதியில் ஒருவர் முகத்தில் ஒருவர் மாவு பூசி நகைப்பர். நரை வரும்வரை வாழ்க என்பது அதன் பொருள். இப்பூசை முடியுமுன் ஷெர்பாக்கள் மேலே ஏறுவதில்லை.

முகாமுக்கு மேல் உள்ளது கும்புப் பனியருவி. பனியாறு செங்குத்துச் சரிவில் உடைந்து, வீட்டளவு பாளங்களாகத் தொங்கும் இடம் அது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் நகர்கிறது. பிளவுகளின் குறுக்கே அலுமினிய ஏணிகளைக் கட்டிக் கயிறு பொருத்தும் சிறு குழுவினரைப் ‘பனியருவி மருத்துவர்கள்’ என்பர். பட்டம் பெறாத இம்மருத்துவர்களின் நோயாளி நாள்தோறும் இடம்மாறிக்கொண்டே இருக்கிறது! வெயில் ஏறுமுன் கடந்துவிட வேண்டி, நள்ளிரவு கடந்ததும் புறப்படுவர். அங்குக் கேலி இல்லை. இரும்பு முட்களின் ஓசையும் முணுமுணுக்கும் மந்திரமும் மட்டுமே. பணம் செலுத்தி ஏறவருவோர் ஒரு பருவத்தில் சிலமுறையே அதனைக் கடப்பர். அவர்தம் உணவையும் கூடாரத்தையும் உயிர்வளிக் கலன்களையும் சுமக்கும் ஷெர்பா ஒருவர் இருபது முறைக்கு மேலும் கடக்க நேர்வதுண்டு.

2014ஆம் ஆண்டு ஏப்ரல் 18 அன்று காலை, மேற்குத் தோளிலிருந்து பெயர்ந்த பனிப்பாளம் அவ்வழியில் விழுந்தது. சுமையோடு சென்ற நேபாளத் தொழிலாளர் 16 பேர் மாண்டனர். அவர்களுள் மூவரின் உடல் கிடைக்கவில்லை. குடும்பத்திற்கு 40,000 நேபாள ரூபாய் தருவதாக அரசு முதலில் அறிவித்தது. அதுவரை சமையல் கூடாரத்தின் முணுமுணுப்பாக இருந்த ஊதியமும் காப்பீடும் அன்று உரத்த குரலாயின. எஞ்சியோர் ஏற மறுத்தனர். அப்பருவத்தின் தெற்குவழிப் பயணங்கள் ஏறத்தாழ முற்றிலும் கைவிடப்பட்டன. கட்டாய உயிர்க்காப்பீட்டுத் தொகை 10 இலட்சத்திலிருந்து 15 இலட்சம் நேபாள ரூபாயாக உயர்ந்தது. மறு ஆண்டு, வழி பனியருவியின் நடுப்பகுதிக்கு மாற்றப்பட்டது. 1922ஆம் ஆண்டு வடபுறத்தில் சுமைதூக்கிகள் எழுவர் பனிச்சரிவில் மாண்ட நாள் முதல் கேட்கப்பட்டுவரும் வினாவுக்கு இவை முழுமையான விடைகள் அல்ல. எனினும், ஒரு பருவத்து ஊதியம் நேபாளத்தில் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானத்தைவிடப் பன்மடங்கு என்பதால், மறு ஆண்டும் அவர்கள் திரும்பி வந்தனர்.

அவ்வருமானம் செல்லும் இடங்களுள் முதன்மையானது பிள்ளைகளின் கல்வி. 1961ஆம் ஆண்டு ஹிலாரியின் முயற்சியால் கும்ஜுங்கில் பள்ளி எழுந்தது. இன்று பலர் தம் பிள்ளைகளைக் காட்மாண்டில் படிக்கவைக்கின்றனர். தம் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வரலாகாது என விரும்புவோர் பலர். போர்ட்சேயில் உள்ள மலையேற்றப் பயிற்சி மையமோ, இத்தொழிலுக்கு வருவோர் முடிச்சும் மீட்பு முறையும் முறையாகக் கற்றே வரட்டும் என்கிறது. இரண்டு கருத்தும் ஒரே கூடாரத்தில், ஒரே தேநீர்க் கெண்டியைச் சுற்றி அமர்ந்திருக்கின்றன. அலைபேசி எட்டும் இடமாகிவிட்ட அம்முகாமில், இருமலுக்கிடையே ஒரு தந்தை மகளின் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்கிறார். அருகிலிருப்பவர், தந்தை அந்த வகுப்பில் எத்தனை முறை தவறினார் என்று மகளுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்கிறார்.

மே மாத இறுதியில் பனியருவியின் ஏணிகள் கழற்றப்படும். ஆடவர் ஊர் திரும்பும்போது, மழை தொடங்கியிருக்கும். உருளைக்கிழங்குத் தோட்டத்தில் களை மண்டியிருக்கும்.

கற்பவை கற்றபின்

உங்கள் பகுதியில் மீன்பிடித்தல், கட்டுமானம், சுமைதூக்குதல் போன்ற இடர்மிகு தொழில் செய்வோர் வேலையிடத்தில் பேசிக்கொள்ளும் பட்டப்பெயர்களையும் வேடிக்கைகளையும் கேட்டறிந்து, அவற்றின் பின்னுள்ள தேவை யாது என வகுப்பறையில் கலந்துரையாடுக.

‘ஒரே சொல், சொல்பவரைப் பொறுத்து அன்பாகவும் வசையாகவும் ஆகிறது’ – பாடப்பகுதியிலிருந்து ஒன்றும் உங்கள் பட்டறிவிலிருந்து ஒன்றும் எடுத்துக்காட்டி ஒரு பக்க அளவில் எழுதுக.