சுட்ட கல்லுக்கு ஈரமே பகை



மளிகையோடு சுண்ணாம்பு, கோலமாவு, சிமெண்ட் விற்பவர்கள் நம்மில் பலர். சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கு வெள்ளைக்கல் எனும் மேக்னசைட்டும் புதிதல்ல. சேலத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர். இச்சரக்குகளை ஏற்றி, இறக்கி, இருப்பு வைக்கும் முறையை என் அனுபவத்தில் அறிந்தவரை எழுதுகிறேன்.

வெட்டியெடுத்த பச்சைக் கல் நனைந்தாலும் காய்ந்ததும் பழைய கல்தான். சூளையில் சுட்ட கல் அப்படியல்ல. 100 கிலோ சுத்தமான வெள்ளைக்கல்லைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, சுமார் 48 கிலோ மக்னீசியாதான் மிஞ்சும். அது காற்றிலுள்ள ஈரத்தையும் குடிக்கும். முழுவதும் நீரேறினால் 100 கிலோ மக்னீசியா சுமார் 145 கிலோ ஆகிவிடும். சுட்ட சுண்ணாம்பு 132 கிலோ ஆகும். கடும் சூட்டையும் கிளப்பும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில் எனக்கு ஒரு லோடு மக்னீசியாத் தூள் வந்தது. தார்ப்பாயில் கிழிசல். எடை மேடையில் ரசீதைவிட எடை கூடுதல். லாபம்தானே என்று கையெழுத்துப் போட்டு லாரியை அனுப்பிவிட்டேன். மறுநாள் மூட்டையை அவிழ்த்தால் கட்டி கட்டியாக இருந்தது. தளம் போட வாங்க வந்தவர் திரும்பிப் போய்விட்டார். கூடியது தண்ணீர், போனது என் முதல்.

அன்று முதல் நான் கடைப்பிடிப்பவை:

1. ஏற்றும் முன் லாரித் தளம் காய்ந்திருக்கிறதா, தார்ப்பாய் ஓட்டையில்லாததா என்று பார்க்கவும். உள்ளே பிளாஸ்டிக் உறையுள்ள பையே நல்லது. மூட்டையில் கொக்கி போட விடாதீர்கள். ஒரு துளை போதும், ஈரம் நுழைந்துவிடும்.

2. ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். செங்கல் கட்டுவதுபோல மூட்டைகளை மாற்றி மாற்றி அடுக்கிக் கயிறு கட்டினால் சரியாது.

3. கிடங்கில் பலகைமேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கவும். மலைமேல் கடை வைத்திருப்பவர்கள் பனிமூட்ட நாளில் சன்னலைச் சாத்தவும். முதலில் வந்ததை முதலில் விற்கவும்.

4. சுட்ட சுண்ணாம்பைச் சாக்கு, காகிதம், எண்ணெய் அருகே வைக்காதீர்கள். நீர் பட்டால் அவை தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடேறும். மாவு, உப்பு இருக்குமிடத்தில் எந்த வெள்ளைத் தூளும் வேண்டாம். கரண்டி தனி, தராசும் தனி.

5. சரக்கு நனைந்தோ கிழிந்தோ வந்தால் ஓட்டுநர் முன்னிலையிலேயே ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, நஷ்டத்துக்கு வழக்குப் போட வேண்டுமானால் சரக்குப் பதிவான நாளிலிருந்து 180 நாட்களுக்குள் லாரி நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும்.

மற்றச் சரக்கில் எடை குறைந்தால் கவலை. சுட்ட கல்லில் எடை கூடினால்தான் கவலை. கையெழுத்துப் போடுமுன் ஒரு மூட்டையையாவது அவிழ்த்துப் பாருங்கள்.