சக்கரத்தின் அளவும் மலைப்பாதையும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும் மலைச்சாலையில் 22 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. 2016-இல் வெளிவந்த ராயல் என்பீல்டு ஹிமாலயன் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் 21 அங்குலமாகும். பெரிய சக்கரம் குழியையும் கல்லையும் எளிதிற் கடக்கும். ஆயினும் தார்ச்சாலை வளைவுகளில் விரைந்து திரும்பும் 19 அங்குலச் சக்கரத்தை விரும்புவோரும் உளர். மாற்றுமுன் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

90/90-21 என்னும் குறியில் முதலெண் டயரின் அகலத்தை மில்லிமீட்டரிலும், அடுத்தது அவ்வகலத்தில் பக்கச்சுவரின் உயரம் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதையும், இறுதியெண் வளையத்தின் விட்டத்தை அங்குலத்திலும் காட்டும். இதன்படி முழு விட்டம் ஏறத்தாழ 695 மி.மீ.; 100/90-19 டயருக்கோ 663 மி.மீ. ஆகவே வண்டியின் முன்புறம் 16 மி.மீ. தாழும். முன் ஃபோர்க்கின் சாய்வு குறைந்து ஹாண்டில் இலகுவாகத் திரும்பும். நேர்வழியில் நிலைப்பு சற்றுக் குறையும். வேகமானி முன்சக்கரத்தால் இயங்குமாயின், உண்மை வேகத்தினும் நூற்றுக்கு 5 பங்கு மிகுத்துக் காட்டும்.

கருதத்தக்கது பிரேக்கே. ஏ.பி.எஸ். கருவி இரு சக்கரங்களின் சுழற்சி வேகத்தையும் ஒப்பிட்டு இயங்குவது. இவ்வேறுபாடு அதன் வரம்பில் அடங்குமா என்பதை உற்பத்தியாளரிடம் அறிந்த பின்னரே மாற்றத் துணியலாம். மழையில் நனைந்த வளைவில் அதனைச் சோதித்தறிதல் விபரீதம். புதிய டயர் வளையத்தின் அகலத்திற்குப் பொருந்துவதோடு, அதன் எடை தாங்கும் எண்ணும் பழையதற்குக் குறையலாகாது.